பேட்ரிக் ட்ரௌட்டன் காலத்து ‘டாக்டர் ஹூ’: எங்கிருந்து தொடங்குவது?

நெய்தல் (கேள்வி)

‘டாக்டர் ஹூ’ பி.பி.சி.யின் அறிவியல் புனைவுத் தொடர். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டாக்டர் என்ற ஒரே நாயகனாக வெவ்வேறு நடிகர்கள் அடுத்தடுத்து நடித்தார்கள். அவர்களில் டாம் பேக்கர் நடித்த கதைகளை முடித்துவிட்டேன். அடுத்து பின்னோக்கிப் போய், 1966 முதல் 1969 வரை இரண்டாவது டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டனைப் பார்க்க ஆசை. பட்டியலை எடுத்தால் தலை சுற்றுகிறது. மொத்தம் 21 கதைகள், 119 பகுதிகள். அவற்றில் 53 பகுதிகளுக்குப் படமே கிடையாது. சிலவற்றுக்கு அனிமேஷன், சிலவற்றுக்கு ஒலியும் அசையாப் படங்களும் மட்டும். வரிசைப்படி பார்க்கலாம் என்றால் அவருடைய முதல் ஆண்டுக் கதைகளில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

எதிலிருந்து தொடங்கலாம்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பாதி தொலைந்துபோன ஒரு காலத்தை வைத்து, அதில் நடித்தவரைச் சிறந்த நடிகர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அரங்கம்

நான் நாடகத்தில் நடிப்பவள். நடிகர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் என் பழக்கம், அதை வைத்தே சொல்கிறேன். வரிசையை விட்டுவிடுங்கள். ‘தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்’ கதையில் தொடங்குங்கள். ஆறு பகுதிகளும் முழுதாக இருக்கின்றன. ட்ரௌட்டனுக்கு அதில் இரட்டை வேடம்.

டாக்டரும், உலகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவரத் துடிக்கும் சலமாண்டரும் ஒரே முகச்சாயல் கொண்டவர்கள். தலைவாரலும் உடையும் பேச்சுச் சாயலும் மாறுகின்றன என்பது சரி. ஆனால் வேறுபாடு உடம்பில்தான் இருக்கிறது. சலமாண்டர் அறைக்குள் நுழைந்தால் எல்லாரும் தனக்காகக் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவரைப்போல் நிற்கிறார். டாக்டரோ கைகளைக் கோத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கதை நகர நகர, டாக்டர் சலமாண்டராக வேடமிடுகிறார். அப்போது கவனியுங்கள்: சலமாண்டரின் தோரணை இருக்கும், ஆனால் அதற்குள் டாக்டரின் தயக்கம் ஒரு நூலளவு தெரியும். ஒரு வேடத்துக்குள் இன்னொரு வேடத்தை இவ்வளவு நிதானமாக வைப்பது எளிதல்ல. வாரம் ஒரு பகுதி என்று ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஓடிய தொடர் அது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க நேரமே இருந்திருக்காது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இந்தக் கதையிலேயே விடை இருக்கிறது. பல பத்தாண்டுகள் இதன் மூன்றாம் பகுதி மட்டுமே கையில் இருந்தது. அது பெரும்பாலும் சமையலறையிலும் நடைபாதையிலும் நடக்கும் பகுதி. அதை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கதையும் சப்பென்றிருக்கும் என்று முடிவுகட்டியவர்கள் பலர். 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்த படச்சுருள்களில் மீதி ஐந்தும் இருந்தன. முதல் பகுதி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? டாக்டர் கடற்கரையைப் பார்த்ததும் குழந்தைபோல் குதூகலித்து, உள்ளுடையோடு கடலுக்குள் ஓடுகிறார். சற்று நேரத்தில் ஹோவர்கிராஃப்ட் துரத்துகிறது, ஹெலிகாப்டர் வருகிறது. இயக்கியவர் பேரி லெட்ஸ். பின்னாளில் மூன்றாவது டாக்டரான ஜான் பெர்ட்வீ காலத்தில் தொடரின் தயாரிப்பாளரானவர். அந்த வேகத்தை மூன்றாம் பகுதியை மட்டும் பார்த்து யார் ஊகித்திருக்க முடியும்?

அதனால் இருப்பதை வைத்து இல்லாததை மதிப்பிடும் பேச்சுகளை நம்பாதீர்கள். ஆனால் ட்ரௌட்டனை மதிப்பிட இருப்பதே போதும். ஏழு கதைகள் முழுதாக இருக்கின்றன.

இரண்டாவதாக ‘தி டூம் ஆஃப் த சைபர்மேன்’ பாருங்கள். அது 1991 இறுதியில் ஹாங்காங்கில் கிடைத்தது. கல்லறை அறைகளை மூடியிருக்கும் மெல்லிய தாளைக் கிழித்துக்கொண்டு சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்கள் எழுந்து வரும் காட்சிக்காக எல்லாரும் அதைப் புகழ்கிறார்கள். எனக்கு முக்கியம் மூன்றாம் பகுதியில் வரும் இரவுக் காட்சி. மற்றவர்கள் தூங்குகிறார்கள், டாக்டரோடு பயணிக்கும் விக்டோரியா காவலுக்கு விழித்திருக்கிறாள். முந்தைய கதையில்தான் அவளுடைய தந்தை இறந்திருக்கிறார். டாக்டர் அருகில் வந்து உட்காருகிறார். தன் குடும்பத்தாரைப் பற்றி அவள் கேட்கும்போது, வேண்டும் என்று நினைத்தால் அவர்களைக் கண்முன் கொண்டுவர முடியும், மற்ற நேரங்களில் அவர்கள் தன் மனதுக்குள் உறங்குகிறார்கள் என்கிறார். குரல் உயரவில்லை. அவள் துயரத்தைக் குறைத்துப் பேசவும் இல்லை. அவள் பேசும்போது அவர் கேட்கிறாரே, அந்தக் கேட்பதைத்தான் நான் நடிப்பு என்கிறேன். மாட் ஸ்மித் டாக்டராகத் தயாரானபோது இந்தக் கதையைப் பார்த்து மயங்கியது ஏன் என்று அங்கே புரியும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். டோபர்மன் என்ற கறுப்பினப் பணியாளரை வாயில்லாத முரட்டு ஆளாக எழுதியிருப்பது எனக்குக் கசக்கிறது. அதைக் காலத்தின் மேல் பழிபோட்டுத் தாண்ட என்னால் முடியவில்லை.

பாதரசம்

அரங்கம் அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ட்ரௌட்டனின் முதல் கதையான ‘தி பவர் ஆஃப் த டாலெக்ஸ்’தான் தொடக்கம், அனிமேஷனாக இருந்தாலும் பரவாயில்லை. 1966 நவம்பர் 5 அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். போன வாரம் வரை டாக்டர் என்றால் வெள்ளைத் தலைமுடியும் சிடுசிடுப்பும் கொண்ட வில்லியம் ஹார்ட்னெல். இந்த வாரம் தொளதொளத்த கால்சட்டையோடு ரெக்கார்டர் என்ற குழலை ஊதிக்கொண்டு வேறொருவர். கதாநாயகன் முகத்தையே மாற்றித் தொடரை நடத்தலாம் என்று அதற்கு முன் அந்தத் தொடர் காட்டியதில்லை. பார்வையாளர் சந்தேகம் அத்தனையும் பென் என்ற துணைவனின் வாயில் வருகிறது. இவர்தான் டாக்டர் என்று முதலில் அடையாளம் கண்டுகொள்வது யார்? டாக்டரின் பழைய பகைவர்களான டாலெக்குகளில் ஒன்று! பகைவனே சாட்சி சொல்லும் அந்த இடத்துக்கு நிகராக எதையும் நான் பார்த்ததில்லை.

முகம் மாறும் அந்தச் சில நொடிகள் இடம்பெற்ற ‘தி டென்த் பிளானட்’ கடைசிப் பகுதியும் தொலைந்துவிட்டது. 1973இல் ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி அந்தத் துண்டை ஒளிபரப்பியதால் மட்டுமே அது இன்று நம்மிடம் இருக்கிறது.

மூன்றாம் சுருள்

ஏன் தொலைந்தன என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அன்றைய வீடியோ நாடாவின் விலை மிக அதிகம். அழித்து மறுபடி பதிவு செய்யலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் எல்லை வைத்திருந்தன. வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த 16 மி.மீ. படச்சுருள்களையும், விற்பனை உரிமை முடிந்த பிறகு, 1970களில் பி.பி.சி.யே அழித்தது. வீட்டுப் பிள்ளையின் படங்களை வீட்டாரே எரித்ததுபோல் இருக்கிறது எனக்கு.

காப்பாற்றியவர்கள் வெளியில் இருந்தவர்கள். தொலைக்காட்சி முன் டேப் ரெக்கார்டரை வைத்த ரசிகர்களால் தொலைந்த எல்லாப் பகுதிகளின் ஒலியும் இருக்கிறது. ஜான் குரா என்பவர் ஒளிபரப்பின்போது திரையைப் படம்பிடித்து விற்பதையே தொழிலாகச் செய்தார். அந்த நிழற்படங்களால்தான் பல காட்சிகளின் தோற்றம் நமக்குத் தெரிகிறது. ‘ஃப்யூரி ஃப்ரம் த டீப்’ கதையில் ஒரு பகுதிகூட மிஞ்சவில்லை. ஆனால் ஓக், குவில் என்ற இருவர் வாயைத் திறந்து நச்சுக்காற்றை விடும் பயங்கரக் காட்சி இருக்கிறது. குழந்தைகள் பயப்படுவார்கள் என்று ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் வெட்டி எடுத்த துண்டு அது. வெட்டியதைப் பத்திரப்படுத்தியும் வைத்திருந்தார்கள்.

நெய்தல்

மிக்க நன்றி. முதலில் ‘எனிமி’, பிறகு ‘டூம்’, அதன் பின் ‘பவர்’ என்று வைத்துக்கொள்கிறேன். கடைசிக் கதையான ‘தி வார் கேம்ஸ்’ பத்துப் பகுதிகள் என்று மலைப்பாக இருக்கிறது. 2024இல் வண்ணம் சேர்த்து ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி ஒளிபரப்பினார்களே, அது போதுமா?

அரங்கம்

போதாது. தயவுசெய்து பத்துப் பகுதிகளையும் பாருங்கள், ஒரு நாளைக்கு ஒன்றாகப் பார்த்தாலும் சரி. நடுவில் பிடிபடுவதும் தப்புவதுமாகக் கொஞ்சம் சுற்றுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பகுதியின் கனம் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. ஒன்பது பகுதிகளாக எந்தச் சிக்கலிலிருந்தும் நழுவியவர், தன் இனத்தாரான டைம் லார்டுகளிடம் முதல்முறையாக வகையாகச் சிக்குகிறார். அவர்களை உதவிக்கு அழைத்தால் தன் கதி என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அழைக்கிறார், போர்க்களங்களில் சிக்கிய மனிதர்களை வீட்டுக்கு அனுப்ப வேறு வழி இல்லாததால்.

டாக்டரின் துணைவர்களான ஜேமியும் ஸோயியும் விடைபெறும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ஜேமி ட்ரௌட்டனின் முதல் கதையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வந்தவன். உங்களை மறக்கமாட்டேன் என்கிறான். மறந்துவிடுவான் என்பது டாக்டருக்குத் தெரியும். முதல் பயணத்தைத் தவிர எல்லாவற்றையும் டைம் லார்டுகள் அவன் நினைவிலிருந்து எடுத்துவிடுவார்கள். ட்ரௌட்டன் அங்கே அழுதிருக்கலாம், வசனத்தை இழுத்திருக்கலாம். செய்யவில்லை. சிரித்த முகமாகக் கைகுலுக்கி அனுப்புகிறார்.

‘டூம்’ முடித்துவிட்டு ‘தி மைண்ட் ராபர்’ கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் முழுதாக இருக்கிறது. முந்தைய கதையில் ஒரு பகுதி குறைந்ததால் இதில் ஒன்று கூட்ட வேண்டிவந்தது. அரங்கம் அமைக்கப் பணம் இல்லாமல் வெறும் வெண்மையிலேயே முதல் பகுதியின் பெரும்பகுதியை எடுத்தார்கள். நடுவில் ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸுக்கு அம்மை போட்டுவிட்டது. அவன் முகத்தை டாக்டர் தப்பாகச் சேர்த்துவிட்டதாகக் கதையிலேயே எழுதி, ஹேமிஷ் வில்சனை நடிக்கவைத்தார்கள். முகத்துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ட்ரௌட்டன் திணறும் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், பேசுவோம்.