தூணுக்குப் பின்னால் ஒளிந்தவன் வெளியே வந்தால் தெரிவானா? 2024 ஸ்டெல்த் விதி பற்றி ஒரு சண்டை

இருட்டுநரி:
பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை 2024 விதிகளில் ஆடுகிறோம். என் கேரக்டர் 5ஆம் லெவல் ரோக், அதாவது பதுங்கித் தாக்கும் ஆள். ஸ்டெல்த் என்ற பதுங்கும் திறமையில், எக்ஸ்பர்டீஸ் என்ற கூடுதல் தேர்ச்சியும் சேர்த்து, 20 பக்கப் பகடையில் விழும் எண்ணோடு +10. கோட்டைக்குள் ஒரு நீள நடைபாதை, சுவரெல்லாம் தீப்பந்தம். கடைசியில் கதவு, அதன் முன்னால் ஒரே ஒரு காவலாளி, எங்கள் பக்கம் பார்த்தபடி. நான் கல்தூணுக்குப் பின்னால் நின்று ஹைட் ஆக்ஷன் (ஒளியும் செயல்) எடுத்தேன். பகடையில் 12 விழுந்தது, மொத்தம் 22. அப்புறம் வெளியே வந்து 30 அடி நடந்து குத்தப் போகிறேன் என்றேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் உடனே, "காலை வெளியே வைத்ததுமே பார்த்துவிட்டான், இனிஷியேட்டிவ் உருட்டுங்கள்" என்றுவிட்டார், அதாவது சண்டையில் யார் முதலில் என்பதற்கான பகடை.

புத்தகம் சொல்வது இதுதான். முக்கால் கவரோ முழு கவரோ (உடம்பை மறைக்கும் தடுப்பு), இருட்டு மாதிரி கனத்த மறைப்போ இருக்க வேண்டும், எந்த எதிரியின் பார்வைக்கோட்டிலும் இருக்கக்கூடாது, டிசி 15 ஸ்டெல்த் செக்கில் ஜெயிக்க வேண்டும், அதாவது பகடை மொத்தம் 15ஐ எட்ட வேண்டும். ஜெயித்தால் இன்விசிபிள் கண்டிஷன், அதாவது கண்ணுக்குத் தெரியாத நிலை, கிடைக்கும். அது நான்கே காரணங்களால் போகும்: கிசுகிசுப்பைத் தாண்டிய சத்தம், எதிரி கண்டுபிடிப்பது, அட்டாக் ரோல், வாயால் சொல்லும் மந்திரம். கவரை விட்டு வெளியே வருவது அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு எந்த விதியை வைத்து டிஎம் அப்படிச் சொன்னார்?

மேசைத்தலைவர்:
நீங்கள் எழுதிய இரண்டாவது காரணத்தை வைத்துத்தான். எதிரி கண்டுபிடித்துவிட்டான். தீப்பந்த வெளிச்சத்தில், நடுவில் ஒரு மறைப்பும் இல்லாமல், தன்னை நோக்கி நடந்து வருகிறவனைக் காவலாளி பார்க்க மாட்டான் என்று எந்த டிஎம்மும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நானாக இருந்தாலும் இதே தீர்ப்புதான்.

இருட்டுநரி:
கண்டுபிடிப்பது எப்படி என்றும் புத்தகம் சொல்கிறதே! என் மொத்தம் 22ஐக் குறித்து வைக்க வேண்டும், எதிரி விஸ்டம் பெர்செப்ஷன் செக்கில் (கவனித்துப் பார்க்கும் பகடையில்) அந்த எண்ணை எட்ட வேண்டும். காவலாளிக்கு பெர்செப்ஷன் +2. பகடையில் 20 விழுந்தால் மட்டுமே அவன் என்னைப் பார்க்க முடியும். அந்த ஒரு வாய்ப்பை டிஎம் நூற்றுக்கு நூறாக மாற்றிவிட்டார்.

இன்னொன்று. 2014 புத்தகத்தில், சண்டையில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள், மறைவிலிருந்து வெளியே வந்து நெருங்கினால் பொதுவாகப் பார்த்துவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே இருந்தது. 2024இன் ஹைட் விதியில் அது இல்லை. பத்து வருடம் எல்லோரும் அடித்துக்கொண்ட ஒரு வரியைத் தெரியாமல் விட்டிருப்பார்களா?

மேசைத்தலைவர்:
அந்த வரி போனாலும், ஒளிவதற்குச் சூழல் பொருத்தமா என்பதை டிஎம் முடிவு செய்வார் என்ற வரி 2024இலும் இருக்கிறது. முடிவு சந்தேகத்தில் இருக்கும்போதுதான் பகடை என்பதும் இருக்கிறது. வெறும் நடைபாதையில், வெளிச்சத்தில், நேருக்கு நேர் வரும் ஆள் விஷயத்தில் என்ன சந்தேகம்? பெர்செப்ஷன் செக் என்பது நிழலில் பதுங்கியவனை, திரைக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்பவனைத் தேடுவதற்கு.

ஆறுமுகப்பகடை:
நான் நரி பக்கம். மேசைத்தலைவர் சொல்கிறபடி ஆடினால் வில்லை வைத்திருக்கும் ரோக் மட்டும்தான் பிழைப்பான். அவன் தூணுக்குப் பின்னால் ஒளிவான், தலையை நீட்டி அம்பு விடுவான், அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) வாங்குவான், மறுபடி ஒளிவான். கத்தி வைத்திருப்பவன் எதிரியிடம் போய்த்தானே ஆக வேண்டும்? அவன் எடுத்து வைக்கும் முதல் அடியிலேயே ஒளிந்தது வீண் என்றால், 2ஆம் லெவலில் கன்னிங் ஆக்ஷன் என்ற ரோக் திறன் மூலம் கிடைக்கும் ஹைட் அவனுக்கு எதற்கு?

எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வரும். மந்திரவாதியான விசார்ட் நெருப்புக் குண்டு போட்டால் மூடிய அறையில் காற்று போதுமா என்று யாரும் கேட்பதில்லை. ரோக் ஒளிந்தால் மட்டும் எல்லோருக்கும் நிஜ உலகம் ஞாபகம் வந்துவிடுகிறது.

வெண்கலவிளக்கு:
விசார்ட் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். இன்விசிபிலிட்டி மந்திரத்துக்கு 2ஆம் லெவல் ஸ்லாட் ஒன்று (மந்திரம் போடும் வாய்ப்புகளில் ஒன்று) செலவு. கான்சன்ட்ரேஷன், அதாவது விடாத மனக்குவிப்பு, வேண்டும், அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான். நரி சொல்கிற வாசிப்பில் ரோக் இதே கண்டிஷனை இலவசமாக, எத்தனை தடவை வேண்டுமானாலும், நேர வரம்பே இல்லாமல் வாங்குகிறான். காலையில் குதிரை லாயத்துக்குப் பின்னால் ஒரு தடவை 22 உருட்டிவிட்டு, பேசாமல் ராஜா சபைக்குள் நடந்து போய் சிம்மாசனம் பக்கத்தில் நிற்கலாம். சபையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பகடை உருட்ட வேண்டும். இதைத்தான் எழுதியவர்கள் நினைத்தார்கள் என்று நம்ப முடியவில்லை.

இருட்டுநரி:
ராஜா சபைக்கு நான் வரவில்லை. 30 அடி நடைபாதை, ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான்.

காவலாளி எங்கள் பக்கம் பார்க்கிறான் என்பதை வைத்தே எல்லோரும் வாதம் செய்கிறீர்கள். யார் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறார் என்பதற்கு இந்த ஆட்டத்தின் அடிப்படை விதியில் இடமே இல்லை. 2014 டிஎம் புத்தகத்தில் விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள்ளும் விதியாகக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவே. இல்லாத விதியை வைத்து என் 22ஐ அழிப்பது நியாயமில்லை.

மேசைத்தலைவர்:
அது இல்லாததற்குக் காரணம், ஆறு வினாடி ரவுண்டில் எல்லோரும் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான். அப்படிப் பார்த்தால் வெளியே வரும் உங்களை அவன் பார்க்க இன்னும் அதிக வாய்ப்பு. முகம் எந்தப் பக்கம் என்று நான் கணக்கில் எடுப்பதே ரோக்குக்கு ஒரு வழி விடத்தான்.

ஆறுமுகப்பகடை கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கத்தி ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடி கிடைக்க ஒளிந்தே ஆக வேண்டும் என்றில்லை. நம் ஆள் ஒருவர் எதிரிக்கு 5 அடிக்குள் நின்றாலே போதும். 3ஆம் லெவலில், நகராமல் குறிபார்த்து அட்வான்டேஜ் வாங்கும் ஸ்டெடி எய்ம் வேறு இருக்கிறது. என் மேசையில் சண்டை நடக்கும்போது ஒளிந்தவன் அந்த டர்னிலேயே பாய்ந்து குத்தினால் அட்வான்டேஜ் கொடுப்பேன். எதிரியின் கண் அப்போது ஃபைட்டரின் வாள் மேல் இருக்கும். ஆனால் ஆளில்லாத நடைபாதையில், வேறெந்த வேலையும் இல்லாமல் வழியைப் பார்ப்பதற்கென்றே நிற்கிறவனிடம் அது செல்லாது.

ஆறுமுகப்பகடை:
சண்டையில் கொடுப்பேன், சண்டைக்கு முன்னால் கொடுக்க மாட்டேன் என்பது உங்கள் மேசை வழக்கம். புத்தகத்தில் அந்தப் பிரிவினை கிடையாது. ரோக்குக்கு ஒளிதல் மிகவும் தேவைப்படுவதே சண்டைக்கு முன்னால்தான். காவலாளிக்கு 11 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). ஸ்னீக் அட்டாக் 3டி6 (ஆறு பக்கப் பகடை மூன்று), கத்தி 1டி4 (நாலு பக்கப் பகடை ஒன்று), மேலே 4. சராசரியாகவே 17 வரும். பட்டால் ஒரே குத்தில் சத்தமில்லாமல் விழுந்திருப்பான். இப்போது அவன் இனிஷியேட்டிவில் முந்தினால் கோட்டை முழுக்க அலாரம்.

வெண்கலவிளக்கு:
எங்கள் மேசையில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. ஒருவர் ஒளிந்த இடத்தை விட்டு வருகிறேன் என்றதும், எதிரி இப்போது எதைப் பார்க்கிறான் என்பதை டிஎம் சொல்லிவிடுவார். "நேராக வழியைத்தான் பார்க்கிறான், வந்தால் தெரிவீர்கள்" என்றால், வருவதா வேண்டாமா என்று ஆடுகிறவர் யோசிக்கலாம். நரி, உங்கள் குழுவில் மைனர் இல்யூஷன் என்ற மாய மந்திரம் தெரிந்தவர் யாராவது இருந்தார்களா? 30 அடிக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒரு சத்தத்தை எழுப்பலாம், கேன்ட்ரிப் என்ற எளிய வகை மந்திரம் என்பதால் ஸ்லாட்டும் செலவாகாது.

இருட்டுநரி:
பார்ட் (பாடி மந்திரம் போடுகிறவள்) இருந்தாள், அவளுக்கு அது தெரியும். ஆனால் எங்களுக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லையே. நான் அடி எடுத்து வைத்த பிறகுதான் 22 செல்லாது என்று தெரிந்தது. மேசைத்தலைவர், உங்களிடமே கேட்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இரும்புச் சட்டியைப் போட்டு உடைத்த மாதிரி சத்தம் கேட்டு அவன் திரும்பியிருந்தால்?

மேசைத்தலைவர்:
அப்போது 22 நிற்கும். அவனுடைய பாசிவ் பெர்செப்ஷன், அதாவது பகடை உருட்டாமலே கவனிக்கும் அளவு, 12தான், நான் பகடையையே தொட மாட்டேன். நீங்கள் நடந்து போய்க் குத்தலாம். இனிஷியேட்டிவ் வந்தாலும் உங்களுக்கு அட்வான்டேஜ், அவனுக்கு டிஸட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சிறியது).

இருட்டுநரி:
அவன் திரும்பாமலே எனக்கு அது கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்னும் சொல்வேன், பட்டியலில் நான்குதான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஒளியும் முன்பே எங்கள் டிஎம்மிடம் இதைக் கேட்டுவிடுவேன். பார்டையும் தூணுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்கிறேன்.