புதுப்பிப்பு: மாரடைப்பில் கிழிந்த சுவருக்கு அந்த அளவு போதாது

இதயச் சுவரில் உள்ள ஓட்டையைப் பலூனால் அளந்து 1–2 மி.மீ. பெரிய அடைப்பான் (இருபுறமும் தட்டு விரியும் கம்பிவலைக் கருவி) வைத்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பிறவியிலேயே மேலறைகளுக்கு இடையேயான சுவரில் உள்ள ஓட்டைக்குத்தான். மாரடைப்பில் கிழிந்த, கீழறைகளுக்கு இடையேயான சுவரின் விளிம்போ செத்த தசை, நனைந்த அட்டை மாதிரி. பலூன் ஊதினால் கிழிசல் பெரிதாகும். எக்கோவில் (இதய ஒலியலைப் படம்) அளந்து, கிழிசலைப் போல் ஒன்றரை மடங்காவது அகலமான அடைப்பானை எடுப்பார்கள். கிழிசல் 15 மி.மீ. தாண்டினால் பெரும்பாலும் அடைப்பான் நிற்காது.

வழிகாட்டும் மெல்லிய கம்பி தொடைத் தமனி வழியே இடது கீழறைக்குப் போய், கிழிசலைக் கடந்து நுரையீரல் தமனியை எட்டும். அதைக் கண்ணியில் பிடித்துக் கழுத்துச் சிரை வழியே வெளியே இழுத்து, அந்தப் பக்கமிருந்தே அடைப்பானை ஏற்றுவார்கள். இடது தட்டு முதலில் விரியும். வேகமாக இழுத்தால் மறுபக்கம் பிதுங்கிவிடும். பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பானால், மிச்சக் கசிவு வலையில் மோதிச் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று சந்தேகியுங்கள்.