இளைஞர் குழுவில் வாழ்க்கைத் திறன் பயிற்சி: வகுப்பெடுத்தால் போதுமா?

குழித்துறைக்காரன்:
குமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் 14 முதல் 18 வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வாழ்க்கைத் திறன் பயிற்சி தொடங்கப் போகிறோம். சிலர் பக்கத்தில் கேரளத்துப் பாறசாலையில் மலையாள வழியில் படிப்பவர்கள். முடிவெடுப்பது, பதற்றத்தைச் சமாளிப்பது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 திறன்களை வாரத்துக்கு ஒன்றாக எடுக்கலாமா?

தேன்கூடு:
அப்படிப் பிரித்தால் நோட்டில் ஏறும், கையில் வராது. முடிவெடுப்பது, பதற்றத்தை அடக்குவது, அடுத்தவனோடு ஒத்துப்போவது எல்லாம் ஒரே வேலைக்குள் சேர்ந்துதான் வரும். ஆறு மாதத்துக்கு உண்மையான ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

நம்மூருக்குத் தேனீ வளர்ப்பு பொருந்தும். மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. 1920களிலேயே கிராமத்தாருக்குக் கற்றுக்கொடுத்த தொழில் அது. ஐந்து பேருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு நோட்டு. அக்டோபரில் தொடங்கினால், ரப்பர் தளிர்த்துத் தேன் வரும் ஜனவரி–மார்ச்சுக்குள் தேனீக் கூட்டம் பெருகிவிடும். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ராணித் தேனீ முட்டையிடுகிறதா, முட்டையிலிருந்து வந்த புழு இருக்கிறதா, அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி விழுந்திருக்கிறதா என்று எழுத வேண்டும். மழையில் பூ இல்லாதபோது சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, அந்தி நேரத்தில் சிந்தாமல் வைக்க வேண்டும். சிந்தினால் எறும்பும் பக்கத்துப் பெட்டித் தேனீயும் கொள்ளையடிக்க வரும். அந்த வாரம் பார்க்க வேண்டிய பிள்ளை மறந்தால் தேனீக் கூட்டம் பெட்டியை விட்டே போய்விடும். அந்த விளைவு கண்முன் தெரிவதுதான் இதன் பலம். தாமதமாகிறதே என்று பெரியவர்கள் தாங்களே செய்துவிட்டால் பயிற்சி அங்கேயே முடிந்தது.

கொட்டினால் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

மேல்புறம் அக்கா:
தேன்கூடு அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேருங்கள். வேலை முடிந்ததும் 20 நிமிடம் வட்டமாக உட்கார வைத்து மூன்றே கேள்வி: என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த வாரம் எதை மாற்றுவோம்? இதை விட்டால் வெறும் கூலி வேலை ஆகிவிடும். முதலில் பேசுகிற பையனே எப்போதும் பேசாதபடி வரிசையாக விடுங்கள். மலையாளத்தில் பேசுகிறவன் மலையாளத்திலேயே பேசட்டும்.

தலைவர், கணக்கர், பொருள் காப்பவர் பொறுப்புகளை நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லையென்றால் கணக்கும் டீயும் பெண்பிள்ளைகள் தலையிலேயே விழும். பயிற்சி மாலை ஐந்து மணிக்குள் முடிந்தால்தான் அவர்களை வீட்டில் விடுவார்கள். எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும், ஒருவராவது பெண்.

தேன்கூடு:
போதைப் பழக்கத்தைத் தடுக்கவும் பயமுறுத்தும் பேச்சு உதவாது. மூன்று பேர் ஒருவனை வற்புறுத்துவதுபோல் நடிக்க வைத்து, அவனை 'வேண்டாம்' என்று சொல்லி, காரணம் நீட்டாமல், அங்கிருந்து நகரப் பழக்குங்கள். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள். நாலாவது தடவையில்தான் குரல் உறுதிப்படும். பலன் பார்க்க வருகைப் பதிவேட்டை நம்பாதீர்கள். தொடக்கத்திலும் ஆறாம் மாதத்திலும் வங்கிச் செலானை நிரப்பவும் 500 ரூபாய்க்குச் செலவுத் திட்டம் போடவும் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.