குன்னூர் ஈரத்தில் ஸ்கூபா சாமான்: வீட்டில் எப்படி வைப்பது, படகில் எப்படி ஏற்றுவது?

குன்னூர்_பனி:
வீடு குன்னூர். வருஷத்துக்கு இரண்டு தடவை புதுச்சேரியில் டைவ். சிலிண்டரும் மூழ்குவதற்கான ஈயக் கட்டியும் டைவ் கடையில் தந்துவிடுவார்கள்; ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தருவது), பிசிடி (காற்றடைத்து மிதக்கும் ஜாக்கெட்), வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை), மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) சொந்தம். ஐப்பசி மழை முடிந்து பீரோவைத் திறந்தால் வெட்சூட் முழுக்கப் பூஞ்சணம். நீலகிரித் தைலம் தெளிக்கலாமா? கெட்டிப் பெட்டியோடு படகில் ஏறலாமா?

கோத்தகிரி_கடல்:
தைலம் வேண்டவே வேண்டாம் தம்பி. ஸ்டிக்கர் பசையைக் கரைக்க நாம் தேய்ப்பதே அதைத்தான். வெட்சூட்டின் மூட்டுகளைப் பிடித்திருப்பதும் பசைதான். ரப்பரும் கெடும். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் விட்டு 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

பூஞ்சணம் வரக் காரணம் உப்பு. அலசலில் மிச்சமான உப்பு பனிக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; காய்ந்த துணி மறுநாள் நசநசக்கும். டைவ் முடிந்ததும் அரை மணி ஊறவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் போடுங்கள். தொங்கவிட அகலமான ஹேங்கர் வேண்டும். மடித்தால் மடிப்பில் நியோப்ரீன் (வெட்சூட்டின் நுரை ரப்பர்) நசுங்கிவிடும்.

பிசிடியின் உள்பையை மறக்காதீர்கள். ஊதுகுழாய் வாய் வழியாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு, காற்றடைத்துக் குலுக்கி, கீழ் வால்வு வழியே வடியுங்கள். மூன்று முறை. பிறகு பாதி ஊதியே வையுங்கள், உள்சுவர் ஒட்டாது. ரெகுலேட்டரை அலசும்போது தூசிமூடியைத் துடைத்து இறுக்குங்கள்; பர்ஜ் பட்டனில் (வாய்ப்பகுதியில் காற்றைத் திறந்துவிடும் பொத்தான்) கை வைக்காதீர்கள். அழுத்தினால் தண்ணீர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டரில் பூட்டும் பகுதி) வரை ஏறிவிடும்.

கேத்தி_போட்:
படகில் கெட்டிப் பெட்டி வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. வலைப்பை போதும். அடியில் ஃபின், அதன் கால்குழியில் மாஸ்க், மேலே வெட்சூட், எல்லாவற்றுக்கும் மேல் பிசிடியும் ரெகுலேட்டரும். படகு கிளம்பும் முன்பே சிலிண்டரில் பூட்டவேண்டியவை அவைதான். பூட்டியதும் சிலிண்டரை ரேக்கில் நிறுத்தி, வால்வைச் சுற்றி இழுபடும் ரப்பர் கயிறு போடுங்கள். ரேக் இல்லாவிட்டால் படுக்கவைத்து முட்டுக்கொடுங்கள். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் கிட்டத்தட்ட 14 கிலோ. ஓர் அலையில் சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கால் போச்சு. கேஜையும் (காற்று அளவு காட்டும் மீட்டர்) ஆக்டோபஸையும் (உதிரி வாய்ப்பகுதி) பிசிடிக்குள் சொருகுங்கள், தொங்கினால் யாராவது மிதிப்பார்கள். ஈயம் தரையில்தான், சீட்டில் வைக்கவே கூடாது.

குன்னூர்_பனி:
நன்றி அண்ணா. கேமராவுக்கு மட்டும் காற்றுப்புகாப் பெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் டைவ் முடித்து ராத்திரியே மலையேறிவிடலாமா?

கோத்தகிரி_கடல்:
ஏறாதீர்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகும். விமானத்துக்குச் சொல்லும் கணக்கையே காட் ரோட்டுக்கும் வையுங்கள்: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18, டிகம்ப்ரஷன் டைவ் (மேலே வரும் வழியில் நின்று நின்று வரவேண்டியது) என்றால் அதற்கும் மேல். பல டைவ் செய்து பகல் 12 மணிக்குக் கடைசியாக மேலே வந்தால், மறுநாள் காலை 6 மணிக்கு முன் மலையடிவாரக் கல்லாறைத் தாண்டக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் தங்குங்கள், வெட்சூட்டும் அங்கேயே காயும். ஏறும்போது மூட்டு வலியோ மரத்துப்போதலோ தெரிந்தால் அப்படியே வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், டைவ் செய்ததைச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.

பெட்டி விஷயமும் அதே அழுத்தம்தான். குன்னூரில் இறுக்கி மூடினால் புதுச்சேரியில் மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கத்தி விட்டு நெம்பினால் ரப்பர் வளையம் கிழியும். காற்றுத் திருகு இருந்தால் திருகுங்கள். இல்லாவிட்டால் தாழ்ப்பாள் போடாமல் கொண்டுபோய், படகில் ஏறும்போது மூடுங்கள்.