பட்டா நிலத்துச் சோலையை வாரிசுகளும் வெட்டாதபடி கட்டிவைக்க வழி உண்டா?

தவிட்டுப்பழம்:
கோத்தகிரி வட்டத்தில் தனிப்பட்டா, ஒரே சர்வே எண்ணில் 8 ஏக்கர். 2.5 ஏக்கர் தேயிலை, மீதி 5.5 ஏக்கர் சோலை, அதாவது தானாக வளர்ந்த மலைக்காடு. சோலையிலிருந்து வரும் ஓடைதான் தேயிலைக்குத் தண்ணீர். பிற்காலத்தில் யார் வாங்கினாலும் சோலையைத் தொடக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுத முடியுமா? அமெரிக்காவில் நில உரிமையாளர்கள் ஓர் அமைப்போடு ஒப்பந்தம் போட்டு நிரந்தரமாகக் கட்டிவிடுகிறார்களாமே, அதுபோல் இங்கே உண்டா? சும்மா விட்டுவைத்தால் வனத்துறை எடுத்துக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அது உண்மையா?

வில்லங்கம்:
அமெரிக்க முறை இங்கே செல்லாது. ஈஸ்மெண்ட் என்றால் அடுத்தவர் நிலத்தின் மீது உள்ள அனுபவ உரிமை. 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் 4ஆம் பிரிவுப்படி, அந்த உரிமையால் பயன்பெறும் நிலம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். நிலமே இல்லாத ஒரு அமைப்புக்கு, காட்டைக் காப்பதற்காக மட்டும் எழுதிக்கொடுக்க அதில் இடமில்லை.

கிரயப் பத்திரத்தில் "மரம் வெட்டக் கூடாது" என்று எழுதினால் சொத்து மாற்றுச் சட்டம் 11ஆம் பிரிவு குறுக்கே வரும். முழு உரிமையையும் கொடுத்துவிட்டு இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், வாங்கியவர் அதை மதிக்க வேண்டியதில்லை. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: விற்பவர் இன்னொரு நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் நல்ல அனுபவத்துக்காக நிபந்தனை போடலாம். உங்களுக்கு இது பொருந்தும். தேயிலையை வைத்துக்கொண்டு சோலையை மட்டும் மாற்றுவதானால், ஓடை நீரைக் காரணமாக எழுதுங்கள். 40ஆம் பிரிவுப்படி, நிபந்தனை தெரிந்து வாங்குபவரையும் இலவசமாகப் பெறுபவரையும் அது கட்டுப்படுத்தும். "வெட்டாதே, கட்டாதே" என்பது மட்டுமே அடுத்தவரிடம் செல்லும். "உண்ணிச்செடியை அகற்று, வேலி போடு" என்பது செல்லாது. இரண்டு நிலமும் பிறகு ஒரே கைக்குப் போனால், வழக்குப் போட ஆளே இருக்காது.

இன்னொரு வழி பொது அறக்கட்டளைக்குத் தானம். பதிவு செய்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை கிடைக்காது. அறங்காவலர்களே வழிதவறினால், அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். வெறும் உயிலைவிட இது எவ்வளவோ மேல்.

மலைச்சாரல்:
பத்திரத்துக்கு முன்னால், உங்கள் சோலை ஏற்கெனவே எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். 5.5 ஏக்கர் என்றால் சுமார் 2.23 ஹெக்டேர். தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949இன் கீழ் 2 ஹெக்டேருக்கு மேல் தொடர்ச்சியாக உள்ள தனியார் காட்டை மாவட்டக் குழு அறிவிக்கலாம். அறிவித்திருந்தால் விற்பனை, அடமானம், குத்தகை எதற்கும் குழுவின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் எழுதிய பத்திரம் செல்லாது. வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப வேண்டாம். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட வன அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு.

வனத்துறை நிலத்தையே எடுத்துக்கொள்ளும் என்பது வீண் பயம். பட்டா உங்களிடமே இருக்கும். ஆனால் பயன்பாடு கட்டுப்படும். கோதவர்மன் வழக்கில் 12.12.1996 அன்று உச்ச நீதிமன்றம், யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023 திருத்தம் அதைச் சுருக்கியது, ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 19.2.2024 இடைக்கால உத்தரவு பழைய வரையறையையே தொடரச் சொன்னது. பதிவேட்டில் காடு என்று இல்லாத நிலத்தில் நீங்களே நட்டு வளர்த்த தோப்புக்கு 2023 திருத்தத்தில் விலக்கு உண்டு. இயற்கைச் சோலையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பக்கத்தில் சீகை மரம் (வாட்டில் எனும் அயல் மரம்) பரவியிருந்தால், அதை வெட்டவும் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் கீழ் அனுமதி தேவையா என்று முதலில் கேளுங்கள். நல்லதுக்கு வெட்டினேன் என்பதை வழக்கில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓடைக்கரை:
கெட்டியான பூட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 36சி பிரிவுதான்: சமூகக் காப்பகம். தனிநபர் தானாக முன்வந்தால் அவர் நிலத்தையும் மாநில அரசு அறிவிக்கலாம். சரணாலயம், தேசியப் பூங்கா, பாதுகாப்புக் காப்பகம் இவற்றுக்குள் இருக்கக் கூடாது. மாவட்ட வன அலுவலர் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு மனு கொடுங்கள். அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். வாரிசு தனியாக முடிவெடுக்க முடியாது.

முன்பு குழுவில் ஊராட்சி நியமிப்பவர்களே பெரும்பான்மை. நில உரிமையாளருக்கு இடம் உறுதியில்லை. தனியார் பலர் தயங்கியதில் நியாயம் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு தனியார் நிலக் காப்பகத்தின் குழுவில் உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சி அல்லது பழங்குடிச் சமூகப் பிரதிநிதி இருப்பார்கள்.

தவிட்டுப்பழம்:
8 ஏக்கரையும் சேர்த்தே மனு கொடுத்துவிடலாமா?

ஓடைக்கரை:
வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு சமூகக் காப்பகத்துக்கும் பொருந்தும். வன உயிர்களுக்குத் தீங்கான ரசாயனம் உள்ளே கூடாது. தேயிலைக்கு மருந்தடிக்கும் நாளே சிக்கல். முதலில் தாலுகாவில் உட்பிரிவு செய்து சோலைக்குத் தனி எண், தனி வரைபடம் வாங்குங்கள். தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே மருந்து படாத ஒரு பட்டை விட்டு எல்லைக்கல் நடுங்கள்; ஓடையின் இரு கரையும் சோலைப் பக்கமே விழட்டும்.