தேவ்கட்டில் ஒதுங்கியது யார் படகு?

தூத்தூர்க்காரன்: ஒக்கிப் புயல் பற்றிய இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார், "மகாராஷ்டிரத்தில் ஒதுங்கித் தப்பியவை கேரளப் படகுகள், தமிழ்நாட்டுப் படகு வெறும் 2" என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2017 டிசம்பரில் அங்கே சிந்துதுர்க் மாவட்டத் தேவ்கட் துறைமுகத்தில் கரை சேர்ந்தவை 68 போட்டு (படகு), 952 பேர். படகின் பதிவு எண் கேரளம் என்றால் உள்ளே இருந்தவன் எல்லாம் மலையாளியா? கொச்சியில் பதிவு செய்த எத்தனை தூண்டில் போட்டில் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் என்று துறைமுகத்தில் போய்க் கேளுங்கள்.

கணக்கன்: அந்த ஒருவர் நான்தான். 66 கேரளம், 2 தமிழ்நாடு. மகாராஷ்டிர முதல்வர் பட்னவிஸ் அப்போது சொன்ன கணக்கு. எரிச்சலுக்கு மோர் நல்லது.

கடற்காகம்: சண்டையை விட்டுத் துறைமுகத்தைப் பேசலாமே? தேவ்கட் இயற்கையாகவே மறைவான இடம், குன்று காற்றைத் தடுக்கிறது. புயல் என்றால் குஜராத், கர்நாடகப் படகுகளும் அங்கேதான் நங்கூரம் போடுகின்றன.

தூத்தூர்க்காரன்: குன்று இருக்கட்டும் அண்ணே. இவர் 2 என்று சொன்னது தப்பா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கணக்கன்: 2 என்றால் 2. இருக்கட்டும், சொந்த ஊரில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் இருக்கிறதே, அங்கே ஒதுங்கியிருக்கலாமே?

தூத்தூர்க்காரன்: கடலையே பார்க்காதவர் பேச்சு இது. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் அடைத்து, புயல் இல்லாத நாளிலேயே வள்ளம் கவிழ்ந்து ஆள் சாகிறது. அப்புறம், எங்கள் ஆட்கள் மாதக்கணக்கில் தங்கல் (கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகிறவர்கள், புயல் எச்சரிக்கை வரும்போது கரையிலா நின்றார்கள்? குமரிப் பக்கம் அடித்த புயல் லட்சத்தீவு தாண்டி வடக்கே திரும்பியது. நடுக்கடலில் கிடந்தவன் எந்தக் கரை கிடைத்ததோ அங்கே ஏறினான். பதிவுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டா ஏறினான்?

மண்டபம்_ராசா: தேவ்கட் என்றால் எனக்கு அல்போன்சா மாம்பழம்தான் தெரியும்.

தூத்தூர்க்காரன்: தம்பி, மாம்பழத்துக்கு வேறு இழை திற. மறுபடி சொல்கிறேன், எண் வேறு, ஆள் வேறு.

கணக்கன்: நான் எழுதியது படகைப் பற்றி, ஆளைப் பற்றி அல்ல. 66, 2. கூட்டிப் பாருங்கள், 68 வரும்.

கடற்காகம்: ரெண்டு பேரும் ரெண்டு விஷயம் பேசுகிறீர்கள்...

தூத்தூர்க்காரன்: நீங்கள் குன்றையே பாருங்கள் அண்ணே. கணக்கரே, என் மாமன் அப்போது கொச்சிப் போட்டில்தான் இருந்தார். போன் போட்டு, கூட வந்தவர்களின் ஊரையெல்லாம் கேட்டு எழுதுகிறேன். அதுவரை ஓடிவிடாதீர்.

கணக்கன்: ஊரைக் கேட்டு எழுதுங்கள். எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.