நீர்மூழ்கியைத் தேடும் விமானத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

ராதாபுரம் ஆசிரியை எழுதியது:

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தியக் கடற்படை விமானங்களைப் பற்றி ஒரு பெரிய சுவர்ப்படம் செய்கிறார்கள். பாதிப் பேர் உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பிள்ளைகள். கடல் என்றால் தனி உற்சாகம். படங்கள் வரைந்து முடித்தாயிற்று, பெயர் எழுதத்தான் தடுமாறுகிறோம்.

போர் விமானம், ஹெலிகாப்டர், விமானம்தாங்கிக் கப்பல் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. பி-8ஐ விமானத்துக்கு ‘நீண்டதூரக் கடல்சார் கண்காணிப்பு மற்றும் நீர்மூழ்கி எதிர்ப்புப் போர் விமானம்’ என்று எழுதிப் பார்த்தோம். பிள்ளைகளால் ஒரு மூச்சில் வாசிக்க முடியவில்லை. எங்கள் தமிழாசிரியர் ‘நீர்மூழ்கி துழாவி’ என்று ஒன்று சொன்னார். அது பொருந்துமா? அந்த விமானம் கடலில் போடும் மிதவைகள், காமோவ்-31 ஹெலிகாப்டர், கப்பலில் இறங்கும் விமானத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி, இவற்றுக்கும் பெயர் வேண்டும்.

நாங்குநேரியிலிருந்து வந்த பதில்:

டீச்சருக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

கடற்படையின் விமானப் பிரிவில் தொழில்நுட்ப வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ‘துழாவு’ என்ற வினையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. உங்கள் தமிழாசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், பிள்ளைகளுக்கும் பயன்படும்.

கடலுக்கு அடியில் இருப்பதை மேலிருந்து பார்க்க முடியாது. ரேடார் அலை கடல்நீருக்குள் போகாது. வெளிச்சமும் கொஞ்ச ஆழத்திலேயே மங்கிவிடும். நம் விஜயநாராயணத்தில் உயர உயரமாக நிற்கும் கோபுரங்களைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 1990-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அது. மூழ்கியிருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. அதற்காகவே மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அலைகூடக் கடலுக்குள் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரைதான் இறங்கும். நம்முடைய கப்பலோடு பேசுவதற்கே இத்தனை பெரிய கோபுரங்கள் வேண்டியிருக்கின்றன. ஒளிந்துகொள்ள நினைக்கிற அயல்நாட்டு நீர்மூழ்கியை விமானத்திலிருந்து கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்து தெரியும்.

நீருக்குள் நன்றாகப் போவது ஒலி ஒன்றுதான். கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். ஆனால் விமானம் காற்றில் பறக்கிறது, அதனால் காதை மட்டும் கடலில் விட்டுவைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த மிதவைகள். விமானத்தின் அடிவயிற்றிலிருந்து குழாய் வடிவில் ஒவ்வொன்றாக விழும். நீரைத் தொட்டதும் மேல்பாதி மிதந்து ஆன்டெனாவை நீட்டிக்கொள்ளும், கீழே ஒரு கம்பியில் ஒலிவாங்கி இறங்கும். கேட்டதை ரேடியோவில் விமானத்துக்குச் சொல்லும். ஒரு மிதவை போட்டால் போதாது. வரிசையாகவோ வளையமாகவோ பல மிதவைகள் போட்டு, எது எந்தத் திசையில் சத்தம் கேட்கிறது என்று ஒப்பிட்டு இடத்தைக் கணிப்பார்கள். அதற்குள் நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், மிதவைகள் நகர்ந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குறித்த நேரம் ஆனதும் மிதவை தானே மூழ்கிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் சில நேரம் கிடைப்பது ஒரு திமிங்கிலத்தின் குரலாக இருக்கும்.

ஹெலிகாப்டர் இதை வேறு விதமாகச் செய்கிறது. காமோவ்-28, சீ கிங், 2024-இல் கொச்சியில் படையில் சேர்ந்த எம்.எச்.-60ஆர், மூன்றுமே கடலுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒலியை வைத்துத் தேடும் சோனார் கருவியைக் கம்பியில் கட்டி நீருக்குள் இறக்கும். கேட்டுப் பார்க்கும், தூக்கும், தள்ளிப் போய் மறுபடி இறக்கும். கிணற்றில் வாளி விழுந்தால் நம் வீடுகளில் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் விட்டுத் துழாவுவார்களே, கண்ணால் பார்க்காமல் கயிற்றின் அசைவை வைத்தே தேடுவது, அதே வேலைதான்.

கம்பியில் இறக்குவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. கடலின் மேல்மட்ட நீர் வெயிலில் சூடாகவும் கீழே குளிராகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் அடுக்கில் ஒலி வளைந்து திரும்பிவிடும். தேர்ந்த நீர்மூழ்கித் தலைவன் அந்த அடுக்குக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வான். மேலே மிதக்கிற காதுக்கு அவன் இருப்பதே தெரியாது. சோனாரை அடுக்கைத் தாண்டிக் கீழே இறக்கினால் கேட்கும். மிதவைகளிலும் ஒலிவாங்கி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துப் போடலாம்.

இந்தியாவின் பி-8ஐ விமானத்தின் வாலில் இன்னொரு கருவியும் இருக்கிறது. பெரிய இரும்பு உடல் அருகில் இருந்தால் பூமியின் காந்தப் புலம் அங்கே கொஞ்சம் மாறும், அதை உணரும் கருவி. அமெரிக்கக் கடற்படை தன் பி-8ஏ விமானத்தில் இதை வைக்கவில்லை. நம்முடையதில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். விமானம் தாழப் பறந்து போக வேண்டும், நீர்மூழ்கி கிட்டத்தட்ட நேர் கீழே இருந்தால்தான் அகப்படும். இதுவும் துழாவல்தான்.

இதனால்தான் ‘எதிர்ப்பு’ என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. அரக்கோணத்துக் கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் முன்பு இருந்த து-142 விமானங்கள் 1988-இல் வந்து 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றன. 2013 முதல் பி-8ஐ வந்தது, இப்போது மொத்தம் 12. இரண்டிலும் நீருக்குள் பாய்ந்து தாக்கும் டார்பிடோ உண்டு. ஆனால் பறக்கிற நேரமெல்லாம் செய்கிற வேலை தேடுவது. அமைதிக் காலத்தில் தேடுவதோடு முடிந்துவிடும். எந்த வேலையில் அந்த விமானத்தின் வாழ்நாள் கழிகிறதோ அதைத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

‘ரோந்து விமானம்’ என்று எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லை நான் தள்ளவில்லை. டோர்னியர்-228 கரையோரமாகப் போய்ப் படகுகளைப் பார்த்து, ரேடாரில் கப்பல்களைக் குறித்துக்கொண்டு திரும்புகிறது. அதற்கு ரோந்து விமானம் என்பது நல்ல பெயர், எல்லோருக்கும் தெரிந்த பெயர். கடலின் மேல்பரப்பைப் பார்ப்பது ரோந்து, உள்ளே தேடுவது துழாவு. இந்தப் பிரிவு பிள்ளைகளுக்குத் தெளிவாகப் பிடிபடும்.

மிதவைக்கு ‘ஒலி மிதவை’ என்று சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் மிதவையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று தானே ஒலி எழுப்பி, அது மோதித் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். இரண்டாவது வகை சத்தம் போட்டதும் நீர்மூழ்கிக்குத் தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துவிடும், அதனால் எதை எப்போது போடுவது என்பதே ஒரு கலை. முதலாவதற்குக் ‘கேள்மிதவை’, இரண்டாவதற்குக் ‘கூவுமிதவை’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

இறங்குதளக் கம்பிக்குப் ‘பிடிவடம்’ எழுதுங்கள். நெல்லையப்பர் தேர் இழுக்கிற ஊருக்கு வடம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மிக்-29கே விமானத்தின் வாலில் உள்ளது வால்கொக்கி. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் படையில் சேர்ந்த விக்ராந்த் என்ற விமானம்தாங்கிக் கப்பலின் நீளம் 262 மீட்டர். முன்புறம் மேல்நோக்கி வளைந்த மேட்டில் ஓடி ஏறி விமானம் கிளம்பும், பின்புறம் இறங்கும்போது வால்கொக்கி பிடிவடத்தில் மாட்டி நிற்கும். அந்த மேட்டுக்கு ‘எழுமேடு’ என்றால் போதும்.

சொல்லின் வடிவத்தைப் பாளையங்கோட்டை அண்ணாச்சி பார்த்துச் சொல்ல வேண்டும். என் விருப்பம் ‘கடல்துழாவி’.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, நல்லா எழுதியிருக்கிய. வினையில் எனக்கும் சம்மதம். வடிவத்தில் மூன்று விஷயம் சொல்லுதேன்.

‘நீர்மூழ்கி துழாவி’ வேண்டாம். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஒருவன் நீரில் மூழ்கித் துழாவி எதையோ எடுத்து வந்தான் என்று வாக்கியம் தொடங்குவதுபோல இருக்கிறது. இரண்டும் வினையெச்சமாகக் காதில் விழும். பெயர்ச்சொல் என்று தெரிவதற்கே ஒரு விளக்கம் தேவைப்படும்.

‘கடல்துழாவி’யில் அந்தக் குழப்பம் குறைவு. இடிதாங்கி, சுமைதாங்கி என்று வழங்குகிறோம், அந்த வழியில் சரியான ஆக்கம். ஆனால் அது பறக்கிறதா, மிதக்கிறதா, கடலடியில் ஊர்கிறதா என்று சொல் காட்டவில்லை. ஆகவே வினைத்தொகையாக்கி ‘கடல் துழாவு விமானம்’ என்று வைத்துவிடலாம். ஹெலிகாப்டருக்குக் ‘கடல் துழாவு ஹெலிகாப்டர்’. உலங்கு வானூர்தி என்று ஈழத்தில் எழுதுகிறார்கள், அழகான சொல். ஆனால் ராதாபுரம் பிள்ளைகள் ஹெலிகாப்டர் என்றே சொல்லிப் பழகியவர்கள், ஒரே படத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்.

புணர்ச்சியைப் பற்றி யாராவது கேட்பார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாகப் பார்த்தால் லகரமும் தகரமும் சேர்ந்து திரியும். கம்பராமாயணத்தில் அனுமன் கடலைத் தாண்டும் பகுதியைப் பழைய முறையில் சேர்த்தெழுதினால் கடறாவு படலம். இன்று கடல் தாவு படலம் என்று பிரித்தே வழங்குகிறோம், ஒருவரும் குறை சொல்லவில்லை. நாமும் பிரித்தே எழுதுவோம். சேர்த்தெழுதி உருமாற்றினால் கடல் என்ற சொல்லே பிள்ளைகள் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

கேள்மிதவை, கூவுமிதவை இரண்டும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. காமோவ்-31-ஐ விட்டுவிட்டீர்களே தம்பி. அதற்கு ‘முன்னறிவிப்பு ஹெலிகாப்டர்’ என்று யாரோ எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அது வானிலை சொல்லும் ஹெலிகாப்டர் என்று நினைக்க வைக்கும். அதன் வேலை என்ன என்று சொன்னால் யோசிக்கிறேன்.

நாங்குநேரியிலிருந்து:

அண்ணாச்சி, ‘கடல் துழாவு விமானம்’ முடிவாக இருக்கட்டும். அரக்கோணத்தில் நாங்கள் ஆங்கிலச் சுருக்கங்களிலேயே பேசிக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு சொல் அன்று கையில் இருந்திருந்தால் புதிதாக வந்த தம்பிமார்களுக்கு வேலையைப் புரியவைப்பது எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

காமோவ்-31-இன் வேலை இது. பூமி உருண்டை என்பதால் கப்பலின் ரேடாருக்குத் தொடுவானம்தான் எல்லை. 25 மீட்டர் உயரத்தில் ரேடார் இருந்தால், கடல்மட்டத்தை ஒட்டி வரும் ஏவுகணையைச் சுமார் 20 கிலோமீட்டருக்குள் வந்தபிறகுதான் அது பார்க்கும். அதற்குப் பிறகு தப்பிக்க ஒரு நிமிடமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலோதான் இருக்கும். அதே ரேடாரை மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போனால் தொடுவானம் 220 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளிப் போய்விடும். காமோவ்-31 இதைத்தான் செய்கிறது. வயிற்றடியில் மடித்து வைத்திருக்கும் பெரிய பலகை போன்ற ஆன்டெனா, மேலே போனதும் கீழிறங்கிச் சுற்றத் தொடங்கும். அது சுற்றுவதற்கு இடம்விட்டுச் சக்கரங்கள் மேலே ஒதுங்கிக்கொள்ளும்.

அதனால் முன்னறிவிப்பு என்பதைவிட, உயரத்தில் இருந்து காவல் பார்க்கிறது என்ற கருத்து சொல்லில் வர வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

தினைப்புனத்தில் காவல் இருக்க ஏறி நிற்பது பரண். இன்றும் மேற்கே மலையடிவாரத்தில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து பரண் கட்டுகிறார்கள். ‘வான்பரண் ஹெலிகாப்டர்’ என்று எழுதலாமா தம்பி? நாளைக்கு இதே வேலைக்கு விமானம் வந்தால் ‘வான்பரண் விமானம்’ என்று அப்படியே நீட்டிக்கொள்ளலாம்.

நாங்குநேரியிலிருந்து:

எழுதலாம் அண்ணாச்சி. விமானமும் ஏற்கெனவே இருக்கிறது. நம் விமானப்படையிடம் முதுகில் வட்டத் தட்டு போன்ற ரேடார் சுமந்த விமானங்கள் உண்டு, அவற்றுக்கும் இது சரியாகப் பொருந்தும்.

டீச்சர், பி-8ஐ படத்துக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: “கடல் துழாவு விமானம். இது கேள்மிதவைகளையும் கூவுமிதவைகளையும் கடலில் இட்டு, நீருக்குள் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிகளைத் தேடும். இருப்பிடம்: அரக்கோணம், கோவா.” டோர்னியருக்கு ரோந்து விமானம். மிக்-29கே படத்தில் வால்கொக்கியையும் பிடிவடத்தையும் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காமோவ்-28, காமோவ்-31 இரண்டுக்கும் தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிகள் உண்டு, வாலில் சுழலி கிடையாது. கப்பலின் சிறிய கொட்டகையில் அடங்குவதற்கு அது வசதி. பிள்ளைகள் வாலில் சுழலி வரைந்திருந்தால் திருத்திவிடுங்கள்.

ராதாபுரம் ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் நன்றி. காமோவ்-31-க்கு வாலில் சுழலி வரைந்துதான் இருந்தார்கள், இன்றே திருத்திவிட்டார்கள். உவரிப் பிள்ளை ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை: அவள் அப்பாவின் வள்ளத்து இன்ஜின் சத்தமும் கேள்மிதவைக்குக் கேட்குமா?

நாங்குநேரியிலிருந்து:

நன்றாகவே கேட்கும் டீச்சர். வள்ளம், விசைப்படகு, சரக்குக் கப்பல் எல்லாம் தனித்தனித் தாளத்தில் ஒலிக்கும். கேட்பவரின் திறமையே அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒதுக்குவதில்தான் இருக்கிறது. கரையோரக் கடலில் நீர்மூழ்கியைத் தேடுவது கடினமாவதற்கு அந்த இரைச்சல் ஒரு முக்கியக் காரணம். அவள் கேள்வியையும் பதிலையும் சுவர்ப்படத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.